ஆட்டத்தின் விதி கண்ட கலைஞர்

கணவன் மனைவியை ஏய்ப்பதும் மனைவி கணவனை ஏய்ப்பதும் சிரிப்புக்கு உரிய செய்திகளா? அல்ல என்றே நம்முள் பெரும்பாலோர் விடை கூறுவோம். இல்லறத்தில் விழும் கீறலைக் கண்டு நகைப்பவனைப் பண்பற்றவன் என்போம். ஆயினும் உலக இலக்கியத்தில் நகைச்சுவையின் பெரும்பகுதி அந்தக் கீறலிலிருந்தே பிறந்திருக்கிறது. பிரெஞ்சு நாடக மேடைக்கு மோலியேர் காலம் முதல் அது வற்றாத ஊற்று. அதே ஊற்றில் நீர் மொண்டு ஒரு திரைப்படம் எடுத்தார் ஒருவர். சிரிக்க வந்த மக்கள் சினங்கொண்டு எழுந்தனர். அரசு படத்தைத் தடை செய்தது. எடுத்தவர் பின்னர் நாட்டை விட்டே போனார். அவர்தாம் ழான் ரெனுவார். படத்தின் பெயரைத் தமிழில் 'ஆட்டத்தின் விதி' எனலாம்.

ஐதராபாத்தில் பயிலும் தமிழ் மாணவர்களுக்கு இப்பெயர் புதியதாக இருக்கலாம். அண்மையில் நண்பர் சிலர் கூடி அமர்ந்து இப்படத்தைப் பார்த்தோம். முடிந்ததும் விடுதி முற்றத்தில் பெரிய வாதம் எழுந்தது. ஒழுக்கக் கேட்டை வேடிக்கையாகக் காட்டும் படத்தை மாணவர் பார்ப்பது தகுமா என்று கேட்டார் ஒருவர். எல்லாம் பணக்காரரின் பொழுதுபோக்கு, நமக்கு இதில் என்ன இருக்கிறது என்றார் மற்றொருவர். இரண்டு வினாவும் பொருளுள்ளவையே. அவற்றிற்கு விடை தேட வேண்டுமானால் படத்தோடு நின்றுவிடக் கூடாது. எடுத்தவருடைய வாழ்வையும் அறிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதன் பயனே இக்கட்டுரை.

ரெனுவார் 1894-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் பாரிசு நகரின் மோன்மார்த்ர் குன்றில் பிறந்தார். தந்தை ஒகுஸ்த் ரெனுவார், உலகப் புகழ் பெற்ற ஓவியர். அந்த ஓவியரோ ஒரு தையற்காரரின் மகன். இளமையில் பீங்கான் பாத்திரங்களில் பூ வரைந்து கூலி பெற்றவர். தாய் அலீனும் தையல் வேலை செய்து பிழைத்த பெண்மணி. புகழும் பொருளும் பின்னர் வந்தன. வந்தபின்னும் அவ்வீட்டில் மேலோர் கீழோர் என்ற வேலி உயரவில்லை. சமையல் செய்த பெண்ணே மாலையில் ஓவியத்திற்கு உருவாக அமர்வாள். அவளுடைய உருவம் பின்னாளில் பெரிய காட்சியகங்களின் சுவரில் தொங்கும். எசமானனுக்கு ஓர் இதயம், ஏவலாளுக்கு ஓர் இதயம் என்று எண்ணாத மனம் சிறுவன் ழானுக்கு அங்கேதான் வாய்த்திருக்க வேண்டும்.

அவனை வளர்த்தவள் கப்ரியேல் என்னும் பெண். தாய்வழி உறவினள். பதினாறு வயதில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவள், அவனுக்கு இன்னொரு தாயானாள். பூங்காவில் நடந்த பொம்மலாட்டத்திற்கு அவனைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்றாள். அப்போதுதான் பிறந்திருந்த திரைப்படத்தையும் அவளே முதலில் காட்டினாள். பொம்மை ஆட்டத்தில் திருடனும் அடிபடுவான், காவலனும் அடிபடுவான், பார்க்கும் குழந்தை இருவருக்கும் சிரிக்கும். ரெனுவாரின் படங்களைப் பார்க்கும்போது, அந்தச் சிறுவன் கடைசிவரை அவருள் உட்கார்ந்திருந்தான் என்றே எண்ணத் தோன்றுகிறது.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. ரெனுவார் குதிரைப் படையில் இருந்தார். 1915-இல் பகைவரின் குண்டு காலைத் துளைத்தது. புண் அழுகத் தொடங்கவே காலை வெட்டி எடுத்துவிட மருத்துவர்கள் எண்ணினர். நோயுற்றிருந்த தாய் மருத்துவமனைக்கு ஓடி வந்து, வெட்டக் கூடாது என்று மன்றாடி மகனின் காலைக் காத்தார். அதே ஆண்டு அந்தத் தாய் மறைந்தார். கால் தப்பியது, நடையில் மட்டும் ஒரு சாய்வு வாழ்நாள் முழுதும் தங்கியது. பின்னர் அவர் விமானப் படையில் சேர்ந்து வேவு பார்க்கும் பணி செய்தார். ஓய்வு நாட்களில் சார்லி சாப்ளின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். வீரம் என்பது அருகிலிருந்து பார்த்தால் எவ்வளவு அச்சமும் எவ்வளவு சிறுபிள்ளைத்தனமும் கலந்தது என்பதை வானத்திலிருந்து கண்டவர் அவர். அவர் படத்தின் கதைத் தலைவனும் ஒரு விமானி என்பதை இங்கே நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

1919-இன் இறுதியில் தந்தை இறந்தார். அடுத்த மாதமே ரெனுவார் மணம் புரிந்துகொண்டார். மணமகள், தந்தையின் கடைசி ஓவியங்களுக்கு உருவாக அமர்ந்த ஆந்த்ரே என்னும் அழகி. அவளைத் திரையில் விளங்கச் செய்ய வேண்டும் என்ற ஆசையே தம்மைத் திரைப்படத்திற்கு இழுத்தது என்று அவர் பிற்காலத்தில் கூறியதுண்டு. காத்ரின் எஸ்லிங் என்ற பெயரோடு அவள் நடிகையானாள். அவளுக்காக 1926-இல் 'நானா' என்னும் படத்தைப் பெரும்பொருள் செலவில் எடுத்தார். படம் பொருளைத் திருப்பித் தரவில்லை. கடனை அடைக்கத் தந்தையின் ஓவியங்களை ஒவ்வொன்றாக விற்றார். சுவரில் படங்கள் இருந்த இடத்தில் வெறுஞ்சட்டங்கள் தொங்கிய அந்த வீட்டை எண்ணிப் பாருங்கள். கலைக்காகக் கலையை விற்ற மகன் அவர்.

1931-இல் பேசும் படம் ஒன்றை எடுத்தபோது, கதைத் தலைவியாக வேறொரு நடிகையைப் போட வேண்டும் என்று முதலாளிகள் கூறினர். ரெனுவார் இசைந்தார். மனைவி அதை மன்னிக்கவில்லை. இல்லறம் அதோடு முறிந்தது. யார் மீது பிழை? தொழிலைப் பற்றிக்கொண்ட கணவன் மீதா? தனக்காகத் தொடங்கிய கலையிலிருந்து தான் விலக்கப்பட்டதைத் தாங்காத மனைவி மீதா? ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றித் தீர்ப்புக் கூறுவது நமக்கு எளிது. அனுபவித்தவருக்கு அது எளிதாக இருந்திருக்காது.

அதன்பின் வந்த எட்டு ஆண்டுகள் அவருடைய பொற்காலம். 1937-இல் வந்த 'மாபெரும் மாயை' அவர் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. போர்க் கைதிகளைப் பற்றிய அந்தப் படத்தில் கொடியவன் என்று ஒருவனும் இல்லை. சிறை காக்கும் ஜெர்மானியனும் இரக்கத்திற்கு உரியவனாக இருக்கிறான். நாஜி அரசு அதைத் தன் நாட்டில் தடை செய்தது. 1938-இல் 'மனித மிருகம்' என்ற படமும் வெற்றி பெற்றது. கையில் புகழும் ஓரளவு பொருளும் சேர்ந்ததும், பிறர் ஆணைக்கு உட்படாமல் படம் எடுக்கத் தம் நண்பர்களோடு சொந்த நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அந்நிறுவனத்தின் பெரும்படைப்பே 'ஆட்டத்தின் விதி'. 1939 பிப்ரவரியில் வேலை தொடங்கியது. முந்திய செப்டம்பரில்தான் மியூனிக் நகரில் இட்லரோடு உடன்பாடு செய்துகொண்டு, போர் நீங்கியது என்று ஐரோப்பா மூச்சு விட்டிருந்தது. நீங்கவில்லை என்பது எல்லாருக்கும் உள்ளூரத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் விருந்தும் நடனமும் நடந்தன. அந்தப் பாசாங்கையே படமாக்க ரெனுவார் எண்ணினார். அதற்குக் கருவியாக அவர் தேர்ந்துகொண்டது, இல்லறத்தில் நடக்கும் பாசாங்கு.

கதை இது. ழூரியே என்னும் விமானி அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியே பறந்து கடந்து பாரிசில் இறங்குகிறான். நாடே திரண்டு வரவேற்கிறது. அவனோ வானொலியின் முன்னால், தான் யாருக்காகப் பறந்தானோ அந்தப் பெண் வரவில்லையே என்று உலகறியப் புலம்பிவிடுகிறான். அவள் கிறிஸ்டீன், ரொபேர் என்னும் பிரபுவின் மனைவி. ரொபேருக்கோ ழெனவியேவ் என்ற ஆசைநாயகி உண்டு. இருவருக்கும் பொதுவான நண்பன் ஒக்தாவ், விமானியையும் பிரபுவின் மாளிகைக்கு விருந்தாளியாக அழைக்கச் செய்கிறான். அந்த ஒக்தாவாக நடித்தவர் ரெனுவாரே.

மாளிகை இருப்பது சோலோன் என்னும் காட்டுப் பகுதியில். மாடியில் பிரபுக்களின் காதல் விளையாட்டு. கீழ்த்தளத்தில் ஏவலாளர்களின் காதல் விளையாட்டு. கிறிஸ்டீனுடைய பணிப்பெண் லிசெத். அவள் கணவன் ஷூமாக்கர், காட்டைக் காக்கும் காவலன். அவன் பிடித்து வந்த முயல் திருடன் மார்சோவைப் பிரபு தம் வீட்டிலேயே வேலைக்கு வைத்துக்கொள்கிறார். மார்சோ வந்த அன்றே லிசெத்தைச் சுற்றுகிறான். ஒருநாள் எல்லாரும் வேட்டைக்குப் போகிறார்கள். அங்கே கிறிஸ்டீன் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துப் பார்க்கையில், தன் கணவன் ழெனவியேவைத் தழுவி நிற்பது தெரிகிறது. அது பிரிவுக்கான தழுவல். உறவை முறித்துக்கொள்ளவே ரொபேர் அவளைச் சந்தித்திருந்தார். தொலைநோக்கி உண்மையை அருகே கொண்டுவந்தது. ஆனால் உண்மையின் பொருளைக் கொண்டுவரவில்லை. கண்ணால் கண்டதும் பொய் என்று நம் ஊரில் சொல்வதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை.

அன்றிரவு விருந்து. விருந்தாளிகள் வேடம் புனைந்து ஆடுகிறார்கள். எலும்புக்கூட்டு வேடத்தில் சிலர் ஆட, இருட்டில் ஒவ்வொரு மூலையிலும் ஒரு காதல் நாடகம். கரடி வேடம் போட்ட ஒக்தாவ் அந்தத் தோலைக் கழற்றத் தெரியாமல் ஒவ்வொருவரையும் கெஞ்சி அலைகிறான். ஷூமாக்கர் துப்பாக்கியோடு மார்சோவைக் கூடம் கூடமாகத் துரத்துகிறான். விருந்தாளிகள் அதையும் நாடகத்தின் ஒரு பகுதி என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். இறுதியில் தோட்டத்து இருளில், பணிப்பெண்ணின் மேலாடையைப் போர்த்திய கிறிஸ்டீனைக் காவலன் தன் மனைவி என்று தவறாகக் கருதுகிறான். அவளோடு ஓடிப்போக முதலில் இசைந்தவன் ஒக்தாவ். பின்னர் மனம் மாறித் தன் மேலங்கியை ழூரியேவுக்கு மாட்டி அவனை அனுப்புகிறான். அந்த அங்கியைக் கண்டு காவலன் சுடுகிறான். ழூரியே வேட்டையில் விழுந்த முயலைப் போலவே உருண்டு விழுகிறான்.

இதற்குமேல் ஒரு காட்சிதான். பிரபு படிக்கட்டில் நின்று விருந்தாளிகளுக்கு விளக்கம் தருகிறார். காவலன் திருடன் என்று எண்ணிச் சுட்டுவிட்டானாம். இது ஒரு விபத்தாம். இரவு குளிர்கிறது, எல்லாரும் உள்ளே செல்ல வேண்டுமாம். எல்லாரும் உள்ளே செல்கிறார்கள். ஆட்டம் முடிந்தது. விதி காப்பாற்றப்பட்டது.

இந்த மாளிகையை நாம் கற்பனை செய்துகொள்ள வெகுதொலைவு போக வேண்டியதில்லை. பைகா குடும்பத்துப் பிரபுவான விகார்-உல்-உம்ரா கட்டிய ஃபலக்நுமா மாளிகை நம் நகரின் தெற்கே குன்றின்மேல் நிற்கிறது. அதன் உணவுக் கூடத்தில் 101 பேர் ஒரே மேசையில் அமரலாம். அத்தனை பேருக்கும் பரிமாற எத்தனை ஏவலாளர் கீழே நின்றிருப்பர்! சாலார் ஜங் காட்சியகத்தில் மணிக்கு மணி பொம்மை மனிதன் வெளியே வந்து மணியடிக்கும் கடிகாரத்தின் முன் நாமும் கூட்டத்தோடு நின்றிருக்கிறோம். படத்தில் வரும் பிரபு ரொபேரும் இத்தகைய இயந்திர பொம்மைகளைச் சேர்ப்பவரே. விருந்தின் உச்சத்தில் தாம் புதிதாக வாங்கிய பெரிய இசைப்பெட்டியைத் திரை விலக்கிக் காட்டும்போது, அவர் முகத்தில் குழந்தையின் பெருமிதமும் கூச்சமும் சேர்ந்து தோன்றும். சாவி கொடுத்தால் பொம்மை விதி தவறாமல் ஆடும். மனிதர் அப்படி ஆடுவதில்லை என்பதே அவர் துயரம். 1948-இல் ஐதராபாத் அரசு இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபின் இங்கும் அந்த மாளிகை வாழ்வு மறைந்தது. நெடுங்காலம் பூட்டிக் கிடந்த ஃபலக்நுமா 2010-இல் தங்கும் விடுதியாகத் திறக்கப்பட்டது. காலம் மாறுவதை அறியாமல் ஆடிய கூடங்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

படம் 1939 ஜூலை 7-ஆம் நாள் பாரிசில் திரையிடப்பட்டது. அதுவரை பிரான்சில் எடுத்த படங்களுள் மிகுந்த செலவில் ஆனவற்றுள் அது ஒன்று. மக்கள் கூச்சலிட்டனர், சீழ்க்கை அடித்தனர். ஒருவர் செய்தித்தாளைக் கொளுத்திக் கொட்டகைக்கே தீ வைக்க முயன்றதைக் கண்டதாக ரெனுவார் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். பிரபுவாக நடித்த மார்செல் தாலியோ யூதர். கிறிஸ்டீனாக நடித்த நோரா கிரெகார் ஆஸ்திரிய நாட்டவர். அதுவும் சிலருக்கு ஆத்திரத்தைத் தந்தது. அஞ்சிய ரெனுவார் தம் கையாலேயே காட்சிகளை வெட்டினார். தாம் நடித்த பகுதிகளையே மிகுதியாக வெட்டினார். படம் ஏறத்தாழ 85 நிமிடங்களுக்குச் சுருங்கியது. வெட்டியும் பயனில்லை. செப்டம்பரில் போர் மூண்டது. மக்களின் மன உறுதியைக் குலைப்பது என்று கூறி அக்டோபரில் அரசு படத்தைத் தடை செய்தது. 1942-இல் விமானக் குண்டு வீச்சில் படத்தின் மூலச்சுருளும் அழிந்தது.

கணவன் மனைவி ஏய்ப்பு பாரிசு மக்களுக்குப் புதிதா? அன்று பாரிசு மேடைகளில் அதைவிடக் கூச்சமற்ற நாடகங்கள் நாள்தோறும் நடந்தன, கைதட்டலும் பெற்றன. பின் ஏன் இந்தச் சினம்? என் கருத்து இது. வழக்கமான நகைச்சுவை நாடகத்தில் ஏய்ப்பவன் ஒருவன், ஏமாறுபவன் ஒருவன். நாம் வெளியே பாதுகாப்பாக அமர்ந்து ஏமாறுபவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். ரெனுவாரின் படத்தில் வெளியே அமர இடமில்லை. அங்கே எல்லாரும் ஏய்க்கிறார்கள். எல்லாருக்கும் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் அவரவர் அளவில் நியாயமாகவும் இருக்கிறது. கொடியவன் இல்லை. ஆனால் கொலை நடந்துவிட்டது. கொடியவன் இல்லாமலே கொலை நடக்கும் சமுதாயம் என்றால், பார்ப்பவரும் அதில் பங்காளியே. கண்ணாடியைப் பார்த்த குரங்கு கண்ணாடியை அடிப்பதுபோல மக்கள் திரையின்மீது பாய்ந்தனர்.

தமிழ் மாணவராகிய நாம் இதை நம் இலக்கியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மருதத்திணையின் உரிப்பொருள் ஊடல். தலைவன் பரத்தையிடம் போகிறான், தலைவி கதவடைக்கிறாள், பாணனும் பாங்கனும் தூது வருகிறார்கள். இத்தூதுவர்களை வாயில்கள் என்று பெயரிட்டுப் பன்னிருவராகத் தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். ஓரம்போகியார் ஐங்குறுநூற்றில் மருதத்திற்கென்றே நூறு பாடல்கள் பாடினார். அங்கும் ஒரு விதி இருந்தது: தவறுபவன் தலைவன், ஊடுபவள் தலைவி, ஊடல் தீர்ந்தால் ஆட்டம் இனிது முடியும். ஒக்தாவ் நம் பாங்கனுக்கு உறவினன்தான். ஆனால் ரெனுவாரின் உலகில் தலைவியும் விரும்புகிறாள், பணிப்பெண்ணும் விரும்புகிறாள், தூதுவனும் விரும்புகிறான். தலைவனுக்கு மட்டும் உரிமை தந்த பழைய விதி அங்கே உடைந்துவிட்டது. புதிய விதி இன்னும் பிறக்கவில்லை. நம் நாளைய இல்லறத்தைப் பற்றி எண்ணுகிறவர் யாரும் இதை எளிதில் தள்ளிவிட முடியாது.

சிலப்பதிகாரத்தையும் எண்ணிப் பாருங்கள். மாதவியை நாடிப் போன கோவலனின் கதையும் இல்லறத்துப் பிறழ்வில்தான் தொடங்குகிறது. செய்யாத குற்றத்திற்காக அவன் வெட்டுண்டு விழுவதில் அது உச்சமடைகிறது. ஆனால் பிழையை உணர்ந்த அக்கணமே பாண்டியன் அரியணையிலிருந்து விழுந்து உயிர் விடுகிறான். ஒரு தவறான கொலைக்கு ஓர் அரசின் உயிர் ஈடாகிறது. சோலோன் மாளிகையில் ஆளைத் தவறி நடந்த கொலைக்கு ஈடாக ஒரு நாகரிகமான சொற்பொழிவு கிடைக்கிறது, அவ்வளவுதான். தவறு செய்வது மனித இயல்பு. அதை விபத்து என்று பெயர் மாற்றி அழைத்துவிட்டு உணவுக்குச் செல்வதுதான் அழிவு. இதைக் காட்டிய படத்தை ஒழுக்கக் கேடான படம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஒழுக்கத்தைப் பற்றி இத்தனை கவலை கொண்ட படங்கள் மிகச் சிலவே.

ரெனுவார் இதைப் பிறரைப் பார்த்து மட்டும் எழுதவில்லை. காத்ரினைப் பிரிந்தபின் மார்கரீத் என்ற பெண்மணி அவரோடு வாழ்ந்தார். மணம் நடக்காவிடினும் ரெனுவார் என்ற பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவருடைய படங்களைத் தொகுத்தவர் அவரே, இப்படத்தையும் தொகுத்தார். இதே படத்தின் காட்சிக் குறிப்புகளைப் படப்பிடிப்பில் எழுதிவந்தவர் டிடோ என்னும் பெண். மார்கரீத்துடன் உறவு முறிந்தது. டிடோவே பின்னர், 1944-இல், ரெனுவாரின் மனைவியானார். பிரியப் போகும் ஒருத்தியும் சேரப் போகும் ஒருத்தியும் ஒரே படத்தில் உழைத்துக்கொண்டிருந்தனர். கரடித் தோலைக் கழற்ற முடியாமல் தவிக்கும் ஒக்தாவை ரெனுவார் தாமே ஏற்று நடித்ததில் பொருள் இருக்கிறது என்று நான் எண்ணுகிறேன். தம்மை நீதிபதியாக வைத்துக்கொள்ளாமல் குற்றம் சாட்டப்பட்டோர் வரிசையில் தாமும் நின்றார். அந்த நேர்மையே படத்திற்கு உயிர்.

1940-இல் ஜெர்மானியர் பிரான்சைக் கைப்பற்றினர். ரெனுவார் டிடோவுடன் அமெரிக்கா சென்றார். ஹாலிவுட்டில் சில படங்கள் எடுத்தார். 1945-இல் வந்த 'தென்னாட்டான்' அவருக்குப் பாராட்டை ஈட்டியது. ஆயினும் அங்கிருந்த முதலாளிகளின் முறை அவருக்கு ஒத்துவரவில்லை. வேலையற்று இருந்த நாட்களில் அவரை மீட்டது நம் இந்திய நாடு. ரூமர் காடன் எழுதிய 'ஆறு' என்னும் நாவலைப் படமாக்க எண்ணினார். பொருள் தர முன்வந்தவர் ஒரு பூக்கடைக்காரர்! 1949-இல் கல்கத்தா வந்து இடங்களைத் தேடினார். விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராக இருந்த இளைஞர் ஒருவர் அவரைத் தேடி வந்து, ஊர்ப்புறங்களைச் சுற்றிக் காட்டினார். தாம் எடுக்கக் கனவு கண்டிருந்த படத்தைப் பற்றியும் கூறினார். ரெனுவார் ஊக்கம் தந்தார். அந்த இளைஞரே 'பாதேர் பாஞ்சாலி' தந்த சத்யஜித் ராய்.

அந்த 'ஆறு' படத்தில் நமக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதில் மெலனி என்னும் பெண்ணாக நடித்தவர் ராதா. சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைத் தலைவராக விளங்கிய ஸ்ரீராம் அவர்களின் மகள். ருக்மிணி தேவி அருண்டேலின் அண்ணன் மகள். கலாக்ஷேத்திரத்தில் பரதம் பயின்றவர். மெலனி என்ற பாத்திரம் மூல நாவலில் இல்லை. ரெனுவார் புதிதாகச் சேர்த்தார். வெள்ளைக்காரத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்து, எந்த உலகத்துக்கு உரியவள் தான் என்று தேடும் பெண் அவள். கண்ணனும் ராதையுமாக விரியும் கதைப்பகுதியில் அவர் ஆடிய பரதத்தை 1951-இல் உலகம் வண்ணத்தில் கண்டது. வெனிஸ் விழாவில் படம் பரிசு பெற்றது. ராதா பர்னியர் என்ற பெயரோடு 1980 முதல் 2013-இல் மறையும்வரை பிரம்மஞான சபைக்குத் தலைவராகப் பணியாற்றியவர் இவரே.

இந்திய ஆற்றங்கரையில் ரெனுவார் மாறினார் என்று சொல்வோர் உளர். 'ஆட்டத்தின் விதி'யில் மரணத்தை மறைத்துவிட்டு விருந்து தொடர்கிறது. 'ஆறு' படத்திலும் ஒரு குழந்தை பாம்பு தீண்டி இறக்கிறது, வாழ்க்கை தொடர்கிறது. ஆனால் இங்கே யாரும் மறைப்பதில்லை; அழுகிறார்கள், சுமக்கிறார்கள், பிறகு வாழ்கிறார்கள். முதற்படம் எழுப்பிய வினாவுக்குப் பத்தாண்டு கழித்துக் கங்கையின் கிளை ஆற்றங்கரையில் அவர் விடை கண்டார் என்று கூறினால் மிகையாகாது.

அழிந்ததாகக் கருதிய பழைய படமும் பிழைத்து எழுந்தது. போருக்குப் பின் அங்கங்கே கிடைத்த துண்டுச் சுருள்களையும் ஒலிப்பதிவுகளையும் ஆர்வலர் இருவர் பொறுமையாகத் திரட்டி ஒட்டினர். ரெனுவாரும் உடனிருந்து வழி கூறினார். ஒரே ஒரு சிறு காட்சி தவிர ஏறத்தாழ எல்லாம் கிடைத்தன. 1959-இல் 106 நிமிடப் படமாக வெனிஸ் விழாவில் அது மறுபிறவி எடுத்தது. முதலில் திரையிட்டு அப்போது இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. இங்கிலாந்தில் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகத் திறனாய்வாளரிடம் வாக்கெடுத்துச் சிறந்த பத்துப் படங்களை வெளியிடுவர். 1952 முதல் 2012 வரை நடந்த ஏழு கணிப்புகளிலும் தவறாமல் இடம் பெற்ற படம் இது ஒன்றே. 2022-இல் பதின்மூன்றாம் இடத்திற்கு இறங்கியது. கொளுத்த வந்தவர்களின் பேரன்மார் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

ரெனுவார் தம் முதுமையைக் கலிபோர்னியாவில் கழித்தார். வளர்த்த தாயான கப்ரியேலும் அவர் வீட்டருகே குடிவந்து, அங்கேயே 1959-இல் மறைந்தார். 1962-இல் தந்தையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1975-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் வாழ்நாள் பணிக்காக ஆஸ்கார் விருது அளித்தது. 1979 பிப்ரவரி 12-ஆம் நாள் மறைந்தார். உடல் பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டு, தாய் பிறந்த எசுவா என்னும் சிற்றூரில் பெற்றோர் துயிலும் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

மணவாழ்க்கை என்னும் வாயிலில் நாளை நிற்கப் போகிறவர்கள் நாம். உண்மை பேசினால் உறவு முறியும் என்று அஞ்சிப் பொய்யை ஒழுங்காகப் பேசப் பழகிக்கொள்வது ஒரு வழி. பாரிசின் மாளிகையும் தக்காணத்தின் மாளிகையும் அவ்வழியில் நெடுந்தொலைவு நடந்து பார்த்தன. மற்றொரு வழி கடினமானது: எதிரே நிற்பவருக்கும் ஒரு காரணம் உண்டு என்று கேட்டறிவது, நம் பிழைக்கு விபத்து என்று பெயர் சூட்டாமலிருப்பது. ரெனுவார் இரண்டாம் வழியைத் தம் வாழ்வில் முழுதும் நடந்து காட்டினார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதல் வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை, வெறுப்பின்றியும் பாசாங்கின்றியும் சிரித்துக்கொண்டே காட்டினார். அதற்காக அவர் கொடுத்த விலையோ மிகப் பெரிது.